பொதுத் தூணை யார் விற்கலாம்? ஓப்பன் சோர்ஸ் உரிமங்களின் பொருத்தம்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள், "இவ்வளவு பெரிய வீட்டை ஏன் விற்காமல் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். பல வீடுகளை விற்க முடியாது என்பதுதான் பதில். தாத்தாவுக்குத் தாத்தா கட்டிய வீட்டில் இன்று இருபது முப்பது புள்ளிக்குப் பங்கு இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி என்பது இங்குள்ள கணக்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. அறை அவரவருடையது, அதன் சாவியும் அவரவரிடம். முகப்பும், நடு முற்றமான வளவும் மட்டும் எல்லாருக்கும் பொது. வளவில் நிற்கும் தேக்குத் தூண் ஒன்றைக் கழற்றி விற்க வேண்டுமானால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு பங்காளி மாட்டேன் என்றால் தூண் அங்கேயே நிற்கும்.

எங்கள் தெருவில் கல்லூரிக் கடைசி வருடம் படிக்கும் தம்பி ஒருவன், மொய் எழுதும் மென்பொருள் செய்துகொண்டு வந்தபோது இந்த வீடுகள்தான் எனக்கு உதவிக்கு வந்தன.

மென்பொருள் நன்றாகவே இருந்தது. ஊர், பெயர், தொகை தட்டினால் கையோடு ரசீது வருகிறது. விழா முடிந்ததும் ஊர்வாரியாக, அகர வரிசையில் பட்டியல் வருகிறது. பழைய மொய் நோட்டை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றவும் முயன்றிருந்தான். அச்சடித்த பக்கங்கள் தேறுகின்றன, கையெழுத்து தேறவில்லை. இதை நாலைந்து கல்யாண மண்டபங்களுக்கு விற்கப் போகிறானாம். சோர்ஸ் கோடு, அதாவது நிரலின் மூல வரிகளைத் தர மாட்டானாம்.

"உள்ளே என்னென்ன சேர்த்திருக்கே?" என்றேன்.

"எல்லாம் ஃப்ரீதாண்ணே. நெட்ல இருந்து எறக்குனதுதான்."

தமிழில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று இரண்டு தனிச் சொற்கள் உண்டு: காசு கேட்காதது இலவசம், எடுத்தாளவும் மாற்றவும் பகிரவும் சுதந்திரம் தருவது கட்டற்றது. அவன் இறக்கியவை எல்லாம் காசு கேட்காதவை என்பது சரி. ஆனால் காசு கேட்காதவர் நிபந்தனையும் போட மாட்டார் என்று யார் சொன்னது?

ஒருவர் கோடு எழுதிய நொடியே அதன் காப்புரிமை, அதாவது காப்பிரைட், அவருக்கு வந்துவிடுகிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளின் வரிசையில்தான் வைக்கிறது. எழுதியவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே, பிறத்தியார் கோடை நாம் எடுத்தாள்வதற்கு அவர் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கேட்டு அலையாமல், "இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதுதான் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ், அதாவது உரிமம்.

இதில் புதிதாக வருபவர்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்று உண்டு. கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கோடு திறந்து கிடக்கிறது, உரிமக் கோப்பு எதுவும் இல்லை. கட்டுப்பாடே இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அர்த்தம் நேர் எதிர். உரிமம் எழுதவில்லை என்றால் அனுமதி தரவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். தெருக்கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே போய்த் தூணைப் பெயர்க்க முடியுமா?

சரி, உரிமம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அவற்றில் நிறைய வகை. ஒரு கோடியில் எம்.ஐ.டி., பி.எஸ்.டி. போன்றவை நிற்கின்றன. இவை முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய கதவு மாதிரி. ஓட்டலில் மாட்டலாம், மேசையாக்கலாம், கடைக்காரர் கேட்க மாட்டார். எழுதியவர் பெயரும் உரிமத்தின் வாசகமும் அழியாமல் கூடவே போக வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சின்ன நிபந்தனையையும் மீறிக் கோப்பின் தலையில் இருக்கும் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எம்.ஐ.டி. உரிமத்தை மீற இருக்கும் ஏறக்குறைய ஒரே வழி அதுதான், அதையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மறு கோடியில் ஜி.பி.எல்., அதாவது ஜெனரல் பப்ளிக் லைசென்ஸ். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியது. முதல் பதிப்பு 1989இல் வந்தது, இரண்டாவது 1991இல், மூன்றாவது 2007இல். இதன் கணக்கே வேறு. இந்தக் கோடை உன் நிரலோடு சேர்த்து ஒரே நிரலாக்கி இன்னொருவர் கையில் கொடுத்தால், அந்த முழு நிரலும் இதே உரிமத்தின் கீழ் வர வேண்டும். வாங்குபவருக்குச் சோர்ஸ் கோடும் கிடைக்க வேண்டும். அவர் அதை மாற்றவும் பிறருக்குக் கொடுக்கவும் நீ தடை போடக் கூடாது. ஒரு தூண்தானே என்று கொண்டுவந்து நட்டால், நட்ட இடம் முழுக்க வளவாகிவிடுகிறது.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளை உடனே எடுத்துப் போட வேண்டும். ஜி.பி.எல். மென்பொருளை விற்கக் கூடாது என்பது ஒன்று. தாராளமாக விற்கலாம், வாங்கியவர் அதைப் படியெடுத்துப் பக்கத்து மண்டபத்துக்குக் கொடுப்பதைத்தான் தடுக்க முடியாது. ஜி.பி.எல். தொட்டால் நம் கோடை உலகத்துக்கே திறந்து காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. அதுவும் இல்லை. நிரலை யாருக்குக் கொடுக்கிறோமோ அவருக்குக் கோடைத் தருவதுதான் நம் கடமை. நம் வீட்டுக் கணினியில், நம் உபயோகத்துக்கு மட்டும் ஓடினால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

இரண்டு கோடிகளுக்கும் நடுவில் இருப்பவற்றைச் செட்டிநாட்டு வீடு தெரிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. மொஸில்லாவின் எம்.பி.எல். 2.0, கோப்பளவில் நிற்பது. அந்த உரிமத்தில் உள்ள கோப்பை மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால் அந்தக் கோப்பைத் திறந்து காட்ட வேண்டும். பக்கத்தில் நீங்கள் எழுதிய கோப்பு உங்கள் அறை, உங்கள் பூட்டு. எல்.ஜி.பி.எல். லைப்ரரிகளுக்காக, அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார்க் கோடுத் தொகுப்புகளுக்காக எழுதப்பட்டது. லைப்ரரி பொதுச் சொத்தாகவே இருக்கும், அதைக் கூப்பிட்டு வேலை வாங்கும் உங்கள் நிரல் மூடியிருக்கலாம். ஆனால் வாங்கியவர் அந்த லைப்ரரியைக் கழற்றிவிட்டுத் தான் திருத்திய பதிப்பை மாட்டிக்கொள்ள வழி விட்டிருக்க வேண்டும். பூசி மெழுகி மூடிவிடக் கூடாது.

இப்போது பொருத்தத்துக்கு வருவோம். இரண்டு உரிமங்கள் பொருந்துமா என்று கேட்டால், ஒரே நிரலுக்குள் இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டின் நிபந்தனைகளையும் ஒரே சமயத்தில் காப்பாற்ற முடியுமா என்று கேட்பதாகத்தான் அர்த்தம். இரண்டும் நல்ல உரிமங்களா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கல்யாணத்துக்குக் கோவில் பார்ப்பது மாதிரி. செட்டிநாட்டு நகரத்தாரில் ஒன்பது கோவில், ஒவ்வொரு குடும்பமும் அவற்றில் ஒன்றைச் சேர்ந்தது; பையனும் பெண்ணும் ஒரே கோவிலாக இருந்துவிட்டால், எத்தனை நல்ல குடும்பங்களானாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆனால் இந்த உவமை ஒரு இடத்தில் உதவாது. கல்யாணப் பொருத்தம் இரு பக்கமும் ஒன்றுதான். உரிமப் பொருத்தம் ஒருவழிப் பாதை. எம்.ஐ.டி. கோடை ஜி.பி.எல். நிரலுக்குள் கொண்டுபோகலாம், மொத்தமும் ஜி.பி.எல். ஆகப் போகும். ஜி.பி.எல். கோடை எம்.ஐ.டி. நிரலுக்குள் கொண்டுவந்து, மொத்தத்தையும் எம்.ஐ.டி. என்று சொல்லிக்கொள்ள முடியாது. தளர்ந்தது கட்டானதற்குள் போகும், திரும்பி வராது.

கட்டான இரண்டு மோதும்போதுதான் சிக்கல். ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பில் ஒரு வரி இருக்கிறது: இந்த உரிமத்தில் உள்ளதற்கு மேல் கூடுதலாக எந்தக் கட்டுப்பாடும் நீ போடக் கூடாது. அப்பாச்சி 2.0 உரிமம் 2004இல் வந்தது. அதில் பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான தனியுரிமை பற்றி ஒரு பிரிவு. இந்த மென்பொருள் என் பேட்டன்டை மீறுகிறது என்று நீ வழக்குப் போட்டால், இந்த மென்பொருளுக்காக உனக்குத் தந்த பேட்டன்ட் அனுமதி ரத்து. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஜி.பி.எல். 2இன் கண்ணுக்கு அது ஒரு கூடுதல் கட்டுப்பாடு. ஆகவே இரண்டும் சேராது என்பது ஸ்டால்மனின் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் நிலை. மூன்றாம் பதிப்பை எழுதும்போது இதற்கு இடம் விட்டே எழுதினார்கள். அதனால் அப்பாச்சி 2.0 கோடை ஜி.பி.எல். 3 நிரலுக்குள் சேர்க்கலாம், இங்கேயும் ஒருவழிதான்.

இதைவிட வேடிக்கை, ஜி.பி.எல். 2உம் ஜி.பி.எல். 3உமே ஒன்றோடொன்று சேராது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுமே "மொத்த நிரலும் என் நிபந்தனையில்தான் இருக்க வேண்டும், கூடக் குறைய இருக்கக் கூடாது" என்பவை. மூன்றாம் பதிப்பில், இரண்டாம் பதிப்பில் இல்லாத நிபந்தனைகள் உண்டு. அப்புறம் எப்படி? இதற்குத்தான் பலர் கோடை வெளியிடும்போதே "இரண்டாம் பதிப்பு, அல்லது உங்கள் விருப்பப்படி அதற்குப் பிந்தைய பதிப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நாலு சொல் இருந்தால் மூன்றுக்கு ஏறிக்கொள்ளலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலில் அது இல்லை. இரண்டாம் பதிப்பு மட்டும்.

அந்த நாலு சொல் இல்லாமல் கஷ்டப்பட்டவர்கள் உண்டு. லிப்ரேகேட் என்று கட்டட வரைபடம் போடும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். நம் ஊர் வீடு ஒன்றை அளந்து வரைய அதுவே போதும். பெரும்பாலான என்ஜினீயர்கள் ஆட்டோகேட் உபயோகிப்பதால் வரைபடங்கள் டி.டபிள்யூ.ஜி. கோப்பாகவே வந்து சேரும். அந்தக் கோப்பைப் படிக்கக் கட்டற்ற லைப்ரரி ஒன்றும் இருக்கிறது, பெயர் லிப்ரேடி.டபிள்யூ.ஜி. சேர்த்துவிட வேண்டியதுதானே? முடியவில்லை. லிப்ரேகேட் ஜி.பி.எல். 2 மட்டும், லைப்ரரி ஜி.பி.எல். 3. இரண்டும் கட்டற்ற மென்பொருள், இரண்டு தரப்புக்கும் நல்லெண்ணம், எதிரில் ஒரு பெரிய வணிக மென்பொருள். ஆனாலும் உரிம வாசகம் குறுக்கே நின்றது.

"அப்ப உரிமத்தை மாத்திக்க வேண்டியதுதானேண்ணே?" என்றான் தம்பி.

அங்கேதான் பங்காளிகள் வருகிறார்கள். கோடு எழுதிய ஒவ்வொருவரும் தன் வரிகளுக்குச் சொந்தக்காரர். ஆயிரம் பேர் எழுதிய நிரலின் உரிமத்தை மாற்ற ஆயிரம் பேரின் சம்மதம் வேண்டும். சம்மதிக்காதவர் எழுதியதைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். செத்துப்போனவருக்கு வாரிசைத் தேட வேண்டும். லினக்ஸ் கெர்னலை மூன்றாம் பதிப்புக்கு மாற்றுவது நடக்கிற காரியமில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் (கெர்னலை எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு மூன்றாம் பதிப்பு பிடிக்கவில்லை என்பது தனி). வி.எல்.சி. பிளேயரின் மையப் பகுதியை ஜி.பி.எல்.லில் இருந்து எல்.ஜி.பி.எல்.லுக்கு மாற்றியபோது, அதை எழுதியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது. பூர்வீக வீட்டுக்குப் பத்திரம் போட அலைந்தவர்களுக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. இணையத்தில் பாதுகாப்பாகத் தகவல் அனுப்பப் பயன்படும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். இன்னொரு உதாரணம். விளம்பரங்களில் தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை அதன் பழைய உரிமத்தில் இருந்ததால் அது ஜி.பி.எல்.லோடு சேரவில்லை. ஜி.பி.எல். நிரல் எழுதியவர்கள் பலர், "ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லோடு சேர்க்க மட்டும் விதிவிலக்கு" என்று தனியாக ஒரு வரி எழுதிக்கொண்டார்கள். 2021இல் வந்த 3.0 பதிப்பில் அது அப்பாச்சி 2.0க்கு மாறிவிட்டது.

சரி, மொய் மென்பொருளுக்கு வருவோம். அவன் சேர்த்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அகர வரிசைக்கு ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் லைப்ரரி, எம்.ஐ.டி. உரிமம், பிரச்சினை இல்லை. ஸ்கேன் செய்த பக்கத்தைப் படிக்க டெசரக்ட், அப்பாச்சி 2.0, அதுவும் பிரச்சினை இல்லை. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். எழுத்துருக்களுக்கென்றே எழுதிய ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் அதற்கு. மென்பொருளோடு சேர்த்துத் தரலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கத்தான் கூடாது. இதுவரை நிம்மதி.

திரைக்குப் பைக்யூட்டி போட்டிருந்தான். அது ஜி.பி.எல். 3, அல்லது காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். ரசீதைப் பி.டி.எஃப். ஆக்கப் பைமுபி.டி.எஃப். போட்டிருந்தான். அது ஏ.ஜி.பி.எல்.; அதற்கும் தனி வணிக உரிமம் உண்டு. ஏ.ஜி.பி.எல். என்பது ஜி.பி.எல். 3இன் அண்ணன். நிரலைக் கையில் கொடுத்தால்தான் கடமை என்ற சலுகையை அது கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. அந்த நிரலை நீங்கள் திருத்தி உங்கள் சர்வரில் ஓடவிட்டு, பிறர் இணையம் வழியாகப் பயன்படுத்தினாலே அவர்களுக்குச் சோர்ஸ் கோடு கிடைக்க வழி செய்ய வேண்டும். பிரின்டரோடு பேசும் முப்பது வரி, நிரலர்கள் கேள்வி பதில் எழுதும் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளத்தின் பதிலில் இருந்து அப்படியே எடுத்தது. அங்கே எழுதப்படுவதற்கும் உரிமம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது: கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்.ஏ. எழுதியவர் பெயர் சொல்ல வேண்டும், அதை வைத்து ஆக்கியதையும் அதே மாதிரி உரிமத்தில் தர வேண்டும். கடைசியாக, 501 என்ற தொகையை "ஐந்நூற்று ஒன்று" என்று எழுத்தில் மாற்றும் கோடு. யாரோ ஒரு மாணவர் கிட்ஹப்பில் போட்டது. உரிமக் கோப்பு இல்லை.

"இப்ப என்னண்ணே செய்யறது?"

இரண்டு வழி இருக்கிறது என்றேன். முழு மென்பொருளையும் ஜி.பி.எல். 3 ஆக வெளியிடுவது முதல் வழி. எம்.ஐ.டி. உள்ளே வரும், அப்பாச்சி 2.0 உள்ளே வரும், பைக்யூட்டி ஏற்கெனவே அதுதான். ஏ.ஜி.பி.எல்.லோடு சேர்த்துக்கொள்ள ஜி.பி.எல். 3இலேயே தனிப் பிரிவு இருக்கிறது. அந்த லைப்ரரி மட்டும் ஏ.ஜி.பி.எல்.லாகவே இருக்கும். அந்த முப்பது வரி, கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்.ஏ. உரிமத்தின் 4.0 பதிப்பில் இருந்தால் அதையும் ஜி.பி.எல். 3க்குள் கொண்டுவரலாம், 2015இல் இருந்து அந்த ஒருவழிப் பாதை திறந்திருக்கிறது. மென்பொருளுக்கு விலை வைக்கலாம், மண்டபத்தில் பொருத்திக் கொடுக்க, கல்யாண நாளில் கூட இருக்கக் கூலி வாங்கலாம். என்னைக் கேட்டால் மொய் மென்பொருளில் காசே அங்கேதான் இருக்கிறது. தாலி கட்டிய அரை மணியில் பிரின்டர் நின்றுவிட்டால் மண்டபக்காரர் தேடுவது சோர்ஸ் கோடையா, இவனையா?

அவன் முகம் போன போக்கைப் பார்த்து இரண்டாவது வழியையும் சொன்னேன். கோடை மூடித்தான் விற்க வேண்டுமென்றால் தூண்களை மாற்ற வேண்டும். பைக்யூட்டிக்குப் பதில் பைசைட். இரண்டுமே கியூட்டி என்ற ஒரே லைப்ரரியைப் பைத்தானில் இருந்து கூப்பிடுபவை. எழுதும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பைசைட் எல்.ஜி.பி.எல்.லில் கிடைக்கிறது. கியூட்டியாலேயே பி.டி.எஃப். எழுத முடியும், தமிழ் எழுத்தையும் உடைக்காமல் எழுதும் ("கொ" சிதறிக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும் ரசீதுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்). ஆக, ஏ.ஜி.பி.எல். லைப்ரரியே வேண்டாம். பிரின்டர் வரிகளைப் பிரின்டரின் கையேட்டைப் பார்த்து அவனே எழுதிக்கொள்ளலாம். மொத்தத்தையும் ஒற்றை இ.எக்ஸ்.இ. கோப்பாகக் கட்டும்போது மட்டும் எல்.ஜி.பி.எல். லைப்ரரியை மாற்ற இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனித்தனிக் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் தருவது வம்பில்லாத வழி.

அவன் யோசித்துவிட்டு ஒரு குறுக்கு வழி கேட்டான். ஜி.பி.எல். பகுதியைத் தனி நிரலாக வைத்து, தன் நிரலில் இருந்து கட்டளை வரியில் கூப்பிட்டால்? நல்ல கேள்விதான். இரண்டும் தனித்தனியாக ஓடி, கட்டளையாகவோ கோப்பாகவோ மட்டும் பேசிக்கொண்டால் அவற்றைத் தனி நிரல்களாகவே கொள்வது வழக்கம். ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் விளக்கமும் பெரும்பாலும் அப்படியே. பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதால் இரண்டும் ஒரே வீடாகாது. ஆனால் நடுச்சுவரை இடித்து, உள்ளுக்குள் எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டு, வாசலில் மட்டும் இரண்டு கதவு எண் போட்டால் செல்லுமா? அந்த எல்லை எங்கே என்பதில் வக்கீல்களுக்கே ஒத்த கருத்து இல்லை. பெரிய தொகைக்கு விற்கும் பொருளாக இருந்தால் அவர்களிடம்தான் போக வேண்டும், என்னிடம் அல்ல.

எந்த வழியில் போனாலும் அந்தக் கிட்ஹப் மாணவரின் கோடு மட்டும் நிற்காது. ஜி.பி.எல்.லுக்கும் ஆகாது, மூடிய மென்பொருளுக்கும் ஆகாது. அவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். அன்று ராத்திரியே பதில் வந்தது: "தாராளமா எடுத்துக்கங்க ப்ரோ."

போனைக் காட்டி, "இது போதுமாண்ணே?" என்றான்.

அவனுக்குப் போதுமாக இருக்கலாம். அவனிடம் வாங்கும் மண்டபக்காரர் அதைப் படியெடுக்கலாமா, அடுத்தவருக்குத் தரலாமா என்று அதில் எங்கே இருக்கிறது? அந்தக் கிட்ஹப் பக்கத்திலேயே ஒரு உரிமக் கோப்பைப் போடச் சொல்லிக் கேட்கச் சொன்னேன்; எம்.ஐ.டி. என்றால் இரண்டு நிமிஷ வேலை. மறுநாள் காலை கோப்பு ஏறியிருந்தது. ஆண்டு, பெயர், கீழே எம்.ஐ.டி. வாசகம். தம்பி அந்தப் பெயரை மென்பொருளின் "பற்றி" பக்கத்தில், ஓப்பன் தமிழுக்குக் கீழே சேர்த்தான். பைக்யூட்டியைக் கழற்றும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.